சாயத் தண்ணீரும் தொட்டிக் கரியும்

கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த காலத்தில், முதல் வருட மாணவர்களைப் பிடித்து உட்காரவைக்க என்னிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு பீக்கர் தண்ணீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து வைப்பேன். பேனா மசி மாதிரி நீலம். அதில் இரண்டு ஸ்பூன் கரித்தூளைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து வடிதாளில் ஊற்றினால் கீழே சொட்டுவது பளிங்குத் தண்ணீர். பையன்கள் கைதட்டுவார்கள். நானும் ஏதோ சாதித்துவிட்டவன் போலப் புனலைத் தூக்கிக் காட்டுவேன். அந்த வித்தைக்குள் ஒரு ஏமாற்று இருந்தது என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரி தண்ணீரைத் தெளியவைக்கும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. மூன்று பானையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணலும் அடுப்புக்கரியும் போட்டு வடிகட்டியதை நம்மில் பலர் பார்த்திருப்போம், பள்ளிக்கூடப் புத்தகத்திலாவது படித்திருப்போம். ஆனால் கரி நிறத்தையே எடுத்துவிடும் என்று சோதித்து எழுதி வைத்தவர் டோவியாஸ் லோவிட்ஸ். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்து தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஜெர்மன்காரர். 1785-ல் டார்டாரிக் அமிலத்தைக் காய்ச்சிப் படிகமாக்கப் பார்க்கிறார். கரைசல் பழுப்பாகிக்கொண்டே போகிறது. அதில் கரித்தூள் பட்டதும் பழுப்பு போய்விட்டது. மனிதர் அதோடு விடவில்லை. சாராயத்தின் வாடையைப் போக்கவும், கப்பலில் பீப்பாயில் கெட்டுப்போகும் தண்ணீரைத் தேற்றவும் கரியைப் போட்டுப் பார்த்தார். வோட்காவைக் கரியில் வடிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் பரவியது என்பார்கள்.

அடுத்துப் பிடித்துக்கொண்டது சர்க்கரை ஆலை. 1811-ல் பிரான்சில் ஃபிகியே என்பவர் மரக்கரியைவிட எலும்புக்கரி நிறத்தை நன்றாக எடுக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு வெல்லப்பாகு நிறத்துச் சாறு எலும்புக்கரி வழியாக இறங்கி வெள்ளைச் சீனியானது. நம் பக்கத்து ஆசாரமான வீடுகளில் பெரியவர்கள் சீமைச் சர்க்கரையைத் தொடாமல் கருப்பட்டியோடு நின்றுகொண்டதற்கு இந்த எலும்பும் ஒரு காரணம். கெமிஸ்ட்ரி தெரியாமலே சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்!

இந்த வேலைக்கு ஒரு பெயர் வந்தது 1881-ல். பஞ்சு தண்ணீரை உள்ளே குடிப்பது உறிஞ்சுதல். கரி செய்வது அதில்லை. சாயத்தைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. பாடப்புத்தகத் தமிழில் பரப்புக் கவர்தல். கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், துளைக்குள் துளைகள். ஒரு கிராம் நல்ல முறுக்கேற்றிய கரியின் உள்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட். கால் ஏக்கர் நிலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். இந்த ஒட்டுதலுக்குக் கணக்குப் போட்டவர் பல்பு கம்பெனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லாங்மியூர். 1918-ல் எழுதினார், 1932-ல் நோபல் வாங்கினார். அவர் கணக்கைப் பஸ் டிக்கெட் மாதிரி புரிந்துகொள்ளலாம். பரப்பில் இத்தனை சீட்டுதான். சீட்டு நிரம்பிவிட்டால் அடுத்த ஆள் ஏற முடியாது. நின்றுகொண்டு போக இடமே கிடையாது.

தேங்காய்த் தொட்டி கதைக்குள் வந்தது முதல் உலகப்போரில். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். மூச்சுமுட்டிச் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களுக்கு முகமூடி வேண்டும். ரஷ்யாவில் செலின்ஸ்கி கரி அடைத்த முகமூடி செய்தார். அமெரிக்கர்கள் எந்தக் கரி நல்லது என்று தேடிப் பார்த்து, தேங்காய்த் தொட்டிக்கரிதான் மேல் என்று கண்டார்கள். தொட்டி போதவில்லை. 1918-ல் பீச் பழக்கொட்டையைத் தூக்கிப் போடாமல் சேர்த்துக் கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுப் பழக்கொட்டையிலும் கரி செய்தார்கள். தின்று துப்பிய கொட்டையிலிருந்து உயிர்காக்கும் கரி! விவசாயக் கழிவிலிருந்து விலை மலிந்த கரி செய்வது என்று இன்று நம் கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அதுதான் பாட்டன்.

இனி சாயத்தின் பக்கம். 1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், ஊதா நிறச் சாயத்தில் முடித்தான். செயற்கைச் சாயத் தொழில் அதில் பிறந்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 1956-ல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பருத்தித் துணியில் சாயம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இது பஞ்சு நாரோடு வேதியியல் பிணைப்பே போட்டுக்கொண்டது. துவைத்தால் போகாது, நிறம் பளிச். பனியன் துணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எழுபதுகளின் கடைசியில் இத்தாலிக்குப் பனியன் அனுப்பத் தொடங்கிய திருப்பூர், எண்பதுகளில் வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியது. நொய்யல் கரையெங்கும் சாயப்பட்டறைகள் முளைத்தன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இது புரியாமல் நொய்யலின் கதை புரியாது.

தண்ணீரில் நனைந்த பருத்திக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர் மின்னூட்டம்தான். ஒரே துருவக் காந்தங்கள் போல இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயத்தைத் துணிமேல் தள்ளிவிட இடையில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் உப்பு. சாதா உப்பு அல்லது சோடியம் சல்பேட். அடர் நிறமென்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை போடவேண்டும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல், ஒரு கிலோ வரை உப்பு. இதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. கல்யாணத் தரகர் மாதிரி, பேசி முடித்துவிட்டு வெளியே போய்விடும். வெளியே என்றால் அலசுகிற தண்ணீரோடு வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து நொய்யலுக்கு. கூடவே துணியில் பிடிக்காத மிச்சச் சாயமும் போகும்.

ஆற்றைப் பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது சாயம்தான். இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது, "இந்த வாரம் எந்தக் கலர் ஆர்டர் வந்திருக்கிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்" என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். அந்த வேடிக்கை இப்போது கொஞ்சம் கூசுகிறது. சாயத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நிறமே இல்லாத உப்பு ஒரத்துப்பாளையத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

ஒரத்துப்பாளையம் அணை சென்னிமலைக்குப் பக்கம். நொய்யல் நீரைத் தேக்கி ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாய்ச்சுவதற்காகக் கட்டி, 1992-ல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணையில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, ஆயக்கட்டு விவசாயிகளோ அதைத் திறந்துவிடாதே என்று கெஞ்சுகிறார்கள். இந்த மாதிரி ஒரு கோரிக்கை வேறு எந்த அணைக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் வேர் நீரை இழுக்க முடியாமல் பயிர் ஈரத்தில் நின்றே வாடும். சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். களிமண் குழைந்து, காய்ந்ததும் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடும். அதற்கப்புறம் நல்ல மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. கிணறுகள் கரித்தன. பட்டறைக்காரர்களே தங்கள் கிணற்றுத் தண்ணீரில் சாயம் போட முடியாமல், தூரத்துக் கிராமங்களிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கினார்கள்.

தொண்ணூறுகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. செய்முறை பழையது: சுண்ணாம்பு, அன்னபேதி போட்டுக் கலக்கினால் சாயத்தில் பெரும்பகுதி திரிந்து கீழே படியும். மேலே தெளிந்த தண்ணீரை ஆற்றில் விடலாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போட்ட சுண்ணாம்பும் அன்னபேதியும் கரைந்த உப்பின் கணக்கில் கூடத்தான் செய்தன, குறையவில்லை. அடியில் படிந்த சேற்றை மூட்டை கட்டி அடுக்கினார்கள். அது ஒரு தனி மலை.

அதே காலத்தில்தான் மலிவுக் கரி ஆராய்ச்சி நம் பக்கம் சூடு பிடித்தது. உலக அளவில் இதற்கு முன்னோடி பெல்ஃபாஸ்டில் இருந்த கார்டன் மெக்கே. எண்பதுகளிலேயே மட்கிய தாவரக்கரி, மரத்தூள், கரும்புச் சக்கை எல்லாவற்றிலும் சாயத்தைப் பிடித்துப் பார்த்தவர். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவர் மாணவர்களும் நம்மூர்ப் பொருள்களை எடுத்தார்கள்: 1993-ல் வாழைத்தண்டு, 1996-ல் ஆரஞ்சுத் தோல், கூடவே மட்டை மில்களில் மலைபோல் கிடக்கும் நார்த்தூள். அந்தக் கட்டுரைகளை இன்றும் உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். முறுக்கேற்றிய கரி விலை அதிகம், இதெல்லாம் சும்மா கிடைக்கும், இதனால் முடியுமா என்று கேட்டது நியாயமான கேள்வி. சிறிய பட்டறைக்காரனுக்கு ஒரு வழி கிடைக்குமே என்ற அக்கறையும் அதில் இருந்தது.

அவர்களைப் பார்த்துப் போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். எங்கள் கல்லூரி எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் என்றால் வருடத்துக்கு ஒரு கழிவு. வேப்பிலை, புளியங்கொட்டைத் தோல், கடலைத் தொலி, மஞ்சள் தட்டு. சாயம் மட்டும் மாறாது: மெத்திலீன் நீலம். 95 சதவீதம், 98 சதவீதம் என்று நிறம் போகும். லாங்மியூர் கோடு ஸ்கேல் வைத்தாற்போல் நேராக வரும். ரெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்தில் பைண்டு செய்து அலமாரியில் வைத்துவிடுவோம். நானே முப்பதுக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு வருடம், நொய்யல் கரைக் கிராமத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், "சார், நான் நெசமான தண்ணியிலயே பண்றேனுங்க" என்றான். மறுநாள் பத்து லிட்டர் கேனில் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்தான். அடர் சிவப்பு. நார்த்தூளில் செய்த கரியைப் போட்டான். மெத்திலீன் நீலத்தில் ஒரு ஸ்பூன் செய்த வேலைக்கு இதில் நாலைந்து ஸ்பூன் ஆயிற்று. காரணம் பிறகுதான் யோசித்தோம். மெத்திலீன் நீலம் நேர் மின்னூட்டச் சாயம். தாவரப் பொருள் எதுவானாலும் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். கூப்பிடாமலே போய் ஒட்டிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயம் பருத்தியிலேயே உப்பைப் போட்டுத் தள்ளினால்தான் ஒட்டுகிற சாதி. வாழைத்தண்டிலும் நார்த்தூளிலும் மட்டும் தானாக வந்து உட்காருமா? வருடா வருடம் நாங்கள் சுலபமான சாயத்தில் பரீட்சை வைத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனாலும் பையன் விடவில்லை. அமிலம் சேர்த்து, கரியை அதிகமாக்கி, கடைசியில் வெளிர் மஞ்சளாகக் கொண்டுவந்துவிட்டான். டம்ளரில் பார்த்தால் பானையில் வைத்த வெட்டிவேர்த் தண்ணீர் போல இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு என்னவோ தோன்றி, "ரெண்டையும் நூறு மில்லி வத்த வையி" என்றேன். கழிவுநீர் ஒரு கிண்ணத்தில், கரி போட்டு வடித்த நீர் இன்னொன்றில். இரண்டும் வற்றியதும் முதல் கிண்ணத்தின் அடியில் செம்மை படர்ந்த உப்புப் பொருக்கு. இரண்டாவதில் வெள்ளை வெளேர் என்ற பொருக்கு. நிறுத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஏறக்குறைய முக்கால் கிராம். வடித்ததில் ஒரு துளி அதிகமாகவே இருந்தது. நார்த்தூளின் சாம்பல் உப்பும் சேர்த்த அமிலமும் கூடச் சேர்ந்துகொண்டன. நூறு மில்லியில் முக்கால் கிராம் என்றால் லிட்டருக்கு 7500 மில்லிகிராம். வெளியேற்ற அனுமதித்த அளவு 2100.

பையன் அந்த வெள்ளைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணியும் இப்படித்தான் சார், பாத்தா சுத்தமாத்தான் இருக்கும்" என்றான்.

அன்று மாலை ஒரு கணக்கும் போட்டோம். ஒரு நடுத்தரப் பட்டறை நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் விடுகிறது, லிட்டரில் 100 மில்லிகிராம் சாயம் என்று வையுங்கள். நாளைக்குப் பத்துக் கிலோ சாயம். ஒரு கிராம் மலிவுக் கரி 20 மில்லிகிராம் ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்கும் என்றால், தினம் 500 கிலோ கரி வேண்டும். லாங்மியூர் சொன்ன சீட்டு நிரம்பிய பிறகு அந்த அரை டன், ஈரத்தோடு ஒரு டன்னுக்கு மேலே, சாயம் பூசிய கழிவாக வெளியே வரும். ஒரு பட்டறைக்கு, ஒரு நாளைக்கு. அதை எங்கே கொட்டுவது? சூளையில் போட்டு மறுபடி முறுக்கேற்றுவதென்றால் அதற்கு ஆகும் செலவில் மலிவு என்ற சொல் காணாமல் போய்விடும். லாரி வாடகைகூட எங்கள் ப்ராஜெக்ட் புத்தகங்கள் எதிலும் இல்லை.

இன்னொரு சங்கடமும் அந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக்கரி உலகத்துக்கே போகிறது. ஆலைகளில் முறுக்கேற்றிய பிறகு குடிநீர் வடிகட்டிகளில், தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிடித்தெடுக்க என்று நல்ல விலை. ஆனால் தொட்டியைக் குழியில் போட்டுச் சுடுகிற புகையும், கரியை அணைத்துக் கழுவுகிற தண்ணீரும் பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கிறது என்று அங்கும் விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். ஓரிடத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போகிற கரி, பிறந்த இடத்துத் தண்ணீரை அழுக்காக்கிவிட்டுப் போகிறது.

நொய்யலுக்கு வழி கரியால் வரவில்லை, கோர்ட்டால் வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னது. அதுவரை லிட்டருக்கு 6 பைசா அபராதம் என்று தொடங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு. ஊரே ஸ்தம்பித்தது. பனியன் கம்பெனியை நம்பி வந்த தொழிலாளர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியதைப் பார்த்தேன். அவர்கள் செய்த தவறு என்ன என்று அன்றும் பதில் தெரியவில்லை.

இப்போது அங்கே சவ்வூடு வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரங்கள் உப்பைப் பிரிக்கின்றன. பிரிந்த உப்புநீரில் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. மீதியைக் கொதிகலனில் வற்றவைத்து உப்பாக எடுக்கிறார்கள். கரி ஒழிந்துவிடவில்லை. விலையுயர்ந்த சவ்வு கெடாமல் காக்க, அதற்கு முன்னால் வாயிற்காவலனாகச் சில இடங்களில் கரித்தொட்டி நிற்கிறது. அது அதற்கேற்ற வேலைதான்.

அந்தப் பையன் இன்றைக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளன். தலையில் நரை விழுந்துவிட்டது. எனக்கு இன்னும் பையன்தான். போன தீபாவளிக்கு மனைவி மக்களோடு வீட்டுக்கு வந்தான். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்றேன். "தண்ணி பிரச்சினை இல்லீங்க சார். வத்த வெச்ச பொறவு கடைசியா ஒரு கலப்பு உப்பு நிக்குது பாருங்க, அத சாயத்துக்கும் போட முடியல, வெளியவும் கொட்ட முடியல. ஷெட்டு நெறய மூட்டை அடுக்கியிருக்கு" என்றான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டான்: "அதுக்கு ஏதாவது கரி இருக்குதுங்களா சார்?"